தம்பித்துரை பஸ்ஸில் போகவில்லை

தம்பித்துரையின் முப்பத்தோராம் நாளன்று வருகிறவர்களுக்குக் கொடுக்கவென்று ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். அதற்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அவன் மனைவி கலாவதி என்னிடம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். எல்லா மலரிலும் வருவதுதான். பிறந்தது அளவெட்டி, சுவிசுக்கு வந்தது எண்பத்தாறில், பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை, ஒரே மகன், டாக்டர். இனிய முகம், இளகிய மனம், பொய் சொல்லி அறியாதவர். இளகிய மனமாம்! கோபம் வந்தால் கையில் இருப்பதை மேசையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் ஒரு சொல் பேசாமல் நிற்பான். அதை மலரில் போடலாமா? போட்டால் கலாவதி அழுவார். அதனால் போடவில்லை.

போடாமல் விட்டது இன்னும் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வரதராசா. அவனோடு இருபத்தாறு வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்து வேலை செய்தவன். இதை எழுத என்னைவிடத் தகுதியானவனும் இல்லை, என்னைவிடத் தகுதியற்றவனும் இல்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

எங்கள் வேலை மணிக்கூட்டின் உலோகக் கூட்டை மினுக்குவது. சுழலும் சக்கரத்தில் பிடித்து, ஒரு கீறலும் தெரியாமல் மினுக்கிப் பெட்டியில் அடுக்க வேண்டும். ஒவ்வொருவனுக்கும் ஓர் இலக்கம். அவன் பதினேழு, நான் பத்தொன்பது. அடுத்த அறையில் இருக்கும் பெண்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். கீறல் கண்டால் சிவப்புத் துண்டு கட்டித் திருப்பி அனுப்புவார்கள். பெட்டி வந்ததும் எங்கள் மேலாளர், நாங்கள் ஷெஃப் என்று கூப்பிடுகிறவர், நடுவில் நின்று யாருடையது என்று கேட்பார். நாங்கள் எல்லோரும் அந்த நேரம் பார்த்துச் சக்கரத்துக்கு எண்ணெய் விடுவோம், மூக்குச் சீறுவோம், யன்னலால் மழையைப் பார்ப்போம். தம்பித்துரை மட்டும் எழும்பிப் போய், இலக்கத்தைப் பார்க்க முதலே, "என்னுடையது" என்று எடுத்துக்கொண்டு வருவான். பல தடவை அதில் இருந்த இலக்கம் பத்தொன்பது.

"ஏனடா உனக்கு இந்த விசர் வேலை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சொல்லிப்போட்டால் அலுவல் முடிஞ்சுது மச்சான். ஒளிச்சுக்கொண்டிருந்தால் நாள் முழுக்க அதுதானே வேலை" என்றான்.

அவன் மகன் விதுஷன். பீலில் பிறந்து, இங்கேயே ஜெர்மனும் பிரெஞ்சும் படித்து, பேர்ன் பல்கலைக்கழகத்தில் டாக்டராக வந்த பிள்ளை. நல்ல பெடியன். என்னுடைய சாம்பல் நிற ஒப்பெல் காரில்தான் கார் ஓடப் பழகினான். தகப்பனிடம் கார் இல்லை. தம்பித்துரை கடைசிவரை பஸ், ரெயில், இல்லாவிட்டால் வரதராசாவின் கார். படிப்பு முடிந்ததும் விதுஷனுக்கு இன்னோர் ஊரின் ஆஸ்பத்திரியில், அவசர சிகிச்சைப் பிரிவில், உதவி டாக்டர் வேலை கிடைத்தது. எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுத மாட்டேன். வழக்கு இன்னும் நடக்கிறது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு மாசி மாதம் யேசுதாசன் என்பவர் வயிற்று நோவோடு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனார். ஐம்பத்தெட்டு வயது. பஸ் டிப்போவில் வேலை. பீலில் மட்ரெட்ஷ் பக்கம் குடியிருந்தார், வேலைக்காக அந்த ஊருக்குப் போய்வருகிறவர். வேலை நேரத்தில் நோ வந்து, அங்கேயே கிட்டடியில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். பார்த்த டாக்டர் விதுஷன். தமிழ்ப் பெடியன், தமிழில் கதைக்கிறான் என்று மனுசனுக்கு நோவே பாதி குறைந்துவிட்டதாம். விதுஷன் இரத்தம் எடுத்து அனுப்பினான், ஊசி போட்டான். நோ தணிந்தது. அன்று பிரிவு நிறைய ஆட்கள், கட்டில் இல்லை. யேசுதாசனும் தனக்குச் சுகம், வீட்டுக்குப் போகப் போகிறேன் என்று நின்றார். விதுஷன் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டான். நாற்பது நிமிடம் கழித்து இரத்தப் பரிசோதனை முடிவு கணினிக்கு வந்தது. அதில் ஓர் எண் இருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு கூடியிருந்தது. கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். விதுஷன் அதைத் திறந்து பார்க்கவில்லை. அடுத்த நோயாளி, அதற்கடுத்த நோயாளி, பிறகு வேலை நேரம் முடிந்தது. மறுநாள் யேசுதாசனை அம்புலன்சில் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விதுஷன் வீட்டுக்கு வந்தான். கலாவதி நண்டுக் கறி வைத்திருந்தார். பிள்ளை சாப்பாட்டுக் கோப்பையில் கைவைக்கவில்லை. தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் முன்னால் இருந்து எல்லாவற்றையும் சொன்னான். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நோயாளியின் கதையை டாக்டர் வெளியில் சொல்வது இங்கே சட்டப்படி குற்றம். ஆனால் முப்பது வயதுப் பிள்ளை ஒரு மனிதனைச் சாகவிட்டுவிட்டேன் என்று நெஞ்சு வெடித்து வந்து நிற்கும்போது சட்டம் படிக்கவா முடியும்?

தம்பித்துரை ஒரு கேள்விதான் கேட்டானாம். "செத்தவரின்ர மனுசிக்குச் சொன்னியோ?"

"ஏலாது அப்பா. சொல்லக்கூடாது எண்டு போட்டினம்."

பிறகு விளங்கப்படுத்தியிருக்கிறான். ஆஸ்பத்திரியின் சட்டப் பிரிவு கூப்பிட்டுச் சொல்லிவிட்டது: அந்தக் குடும்பத்தோடு தொடர்பு வேண்டாம். மிஞ்சினால் அனுதாபம் தெரிவிக்கலாம், பிழை என்று மட்டும் வாயால் வரக்கூடாது. சில நாடுகளில் டாக்டர் கேட்ட மன்னிப்பை நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகக் காட்டமுடியாது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறார்களாம். சுவிசில் அப்படிச் சட்டம் இல்லை. அதனால் நட்டஈடு கட்டவேண்டிய காப்புறுதிக்காரருக்குப் பயம். மன்னிப்புக் கேட்டால் பிழையை ஒப்புக்கொண்டதாகிவிடும், தங்களைக் கேளாமல் ஒப்புக்கொண்டால் தாங்கள் கைவிரித்துவிடுவோம் என்று வெருட்டி வைத்திருக்கிறார்கள்.

"அப்ப அந்த மனுசி ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?" என்று தம்பித்துரை கேட்டான். விதுஷன் தொடாத கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பினானாம்.

இதை அடுத்த கிழமை தம்பித்துரை எனக்குச் சொன்னான். அவனும் சொல்லியிருக்கக் கூடாது. நானும் கேட்டிருக்கக் கூடாது. எங்கள் ஆட்களிடம் இரகசியம் என்றால் ஒருவருக்கு மட்டும் சொல்வது. அந்த ஒருவர் நான்.

அந்த வருடம் அவன் ஓய்வு பெற்றான். நேரம் நிறைய, நினைப்பு அதைவிட நிறைய. அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: மகன் போய் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, பிழை என்னுடையது என்று ஒருமுறை சொல்ல வேண்டும். விதுஷனோ வீட்டுக்கு வந்தால் அந்தக் கதையே எடுப்பதில்லை. தகப்பன் தொடங்கினால், "அதைப் பற்றிக் கதைக்க ஏலாதப்பா" என்று எழும்பிவிடுவான். தம்பித்துரை அதை என்னவென்று எடுத்துக்கொண்டான் என்றால், பிள்ளை பயந்து ஒளிக்கிறான் என்று. தான் வளர்த்த பிள்ளை சிவப்புத் துண்டைக் கண்டு யன்னலால் மழை பார்க்கிறான் என்று.

கார்த்திகை மாதம் அவன் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறான். யேசுதாசனின் மனைவி சுமித்ரா உள்ளே வந்திருக்கிறார், அந்தக் கடையில் முன்பே கண்ட முகம். இவன் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அறுபத்தைந்து வயது மனிதன், கையில் முருங்கைக்காயோடு, அரிசி மூட்டைக்குப் பின்னால்! சுமித்ரா கடைக்காரரிடம் சொன்னது முழுவதும் இவனுக்குக் கேட்டது.

"ஆஸ்பத்திரியிலை இருந்து ரெண்டு பந்தியிலை ஒரு கடிதம் வந்தது அண்ணை. ஆழ்ந்த அனுதாபமாம். கையெழுத்துக்கூட அச்சிலை இருக்கு. பெரியாக்கள் சொல்லாட்டிப் போகட்டும், அந்தத் தமிழ்ப் பெடியன் டொக்டர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என்ர மனுசன் அவனைப் பற்றிச் சொல்லிச் சொல்லித்தான் வீட்டை வந்தவர்."

அடுத்த நாள் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் உள்ள கோப்பிக் கடையில் என்னைச் சந்தித்து இதைச் சொன்னான். கோப்பிக்கு மூன்றுதரம் சீனி போட்டான்.

"நான் என்ன செய்யிறது மச்சான்?" என்று கேட்டான்.

இந்த இடத்தில் ஒரு நல்ல சினேகிதன் என்ன சொல்லியிருப்பான்? மகனிடம் இன்னொருமுறை கேள், என்ன நடக்கிறது என்று விசாரி என்று சொல்லியிருப்பான். நான் அப்படியா! எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

"ஊரிலை எண்டால் இந்நேரம் தேப்பன் போயிருப்பான்" என்றேன். "பிள்ளை பிழைவிட்டால் தேப்பன் போய் அந்த வீட்டு வாசலிலை நிக்கிறது. அதுதானே எங்கட வழக்கம்?"

"வக்கீல்மார் கதைக்கக்கூடாது எண்டவையாம்."

"அவனுக்கெல்லோ சொன்னது, உனக்கில்லையே! வக்கீல் என்ன வக்கீல், கோதாரி! செத்தவீட்டுக்குப் போகவும் இந்த நாட்டிலை பெர்மிட் எடுக்க வேணுமோ? சனிக்கிழமை வெளிக்கிட்டு நில். நான் கூட்டிக்கொண்டு போறன்."

அவன் கோப்பிக் காசை எண்ணி மேசையில் வைத்தான். பிறகு, "ஓம்" என்றான்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு மட்ரெட்ஷில் அந்த மாடி வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினேன். வெள்ளைச் சேட்டுப் போட்டு, மேலே ஜாக்கெட் போட்டு, தலையை நன்றாக வாரியிருந்தான். "நீயும் வாவன்" என்றான். "பார்க்கிங் அட்டை கொண்டுவரேல்லை, பொலிஸ் வந்தால் தண்டம்" என்றேன். அட்டை கண்ணாடிக்குக் கீழேதான் கிடந்தது. அவனும் அதைக் கண்டான், இறங்கிப் போனான். போ போ என்று பிடரியில் பிடித்துத் தள்ளியவன் காருக்குள் இருந்தேன். போனவன் தனியே படியேறினான்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தான். போய்வருகிறேன் என்று சொல்லாமல், செத்தவீட்டில் இருந்து வருவதுபோலப் பேசாமல் வெளிக்கிட்டு வந்துவிட்டதாகச் சொன்னான். அந்த வீட்டில் சுமித்ராவும் மகள் ஹரிஷாவும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் இருக்கச் சொன்ன கதிரையில் இவன் இருக்கவில்லை. நின்றபடியே சொல்லியிருக்கிறான்: "பிள்ளை, உங்கட மனுசனைப் பாத்த டொக்டர் என்ர மகன். ரத்த ரிப்போட் வந்தது, அவன் பாக்கேல்லை. பிழை எங்கட. மன்னிச்சுக்கொள்ளுங்கோ." சுமித்ரா அழுதிருக்கிறார். பிறகு தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, "இப்பதான் அண்ணை ஒராள் வந்து சொல்லியிருக்கிறியள்" என்றிருக்கிறார்.

"எனக்கு நெஞ்சு லேசாப்போச்சு மச்சான்" என்று தம்பித்துரை சொன்னான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எவ்வளவு நல்ல காரியம் செய்தோம் என்று இரண்டு பேரும் போய்க் கேக் சாப்பிட்டோம். அந்தக் கேக் கடைப் பக்கம் அதன் பிறகு நான் போனதில்லை.

எங்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. விதுஷன் ஒளிக்கவில்லை. ஒன்பது மாதமாக அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் மேலே கீழே என்று ஏறி இறங்கி, தான் அந்தக் குடும்பத்தை நேரில் சந்திக்க வேண்டும் என்று கேட்டு மன்றாடியிருக்கிறான். கடைசியில் ஒரு கூட்டத்துக்குச் சம்மதித்திருந்தார்கள். பெரிய டாக்டர், நடுநிலையாக ஒருவர், சுமித்ரா, ஹரிஷா, விதுஷன். மார்கழி ஆறாம் திகதி. என்ன நடந்தது என்று அவன் தன் வாயால் சொல்லலாம், வருத்தமும் சொல்லலாம் என்று இருந்தது. வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்று கட்டளை. ஒருமுறை சாப்பாட்டு மேசையில் சொன்னதற்கே உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்த பிள்ளை, இந்த முறை சொல்லவில்லை. நாங்கள் போனது கார்த்திகை பத்தொன்பது. பதினேழு நாள் பொறுத்திருந்தால்!

ஹரிஷாவைக் குறைசொல்ல ஏலாது. இருபத்து நாலு வயதுப் பிள்ளை, தகப்பனைப் பறிகொடுத்தவள். ஆஸ்பத்திரியோ, நோய் முற்றிய நிலையில் வந்தார், ஒன்றும் செய்திருக்க முடியாது என்ற மாதிரி எழுதியிருக்கிறது. இப்போது டாக்டரின் தகப்பனே வந்து ரிப்போட்டைப் பார்க்கவில்லை என்று சொன்னால் அவள் தன் வக்கீலிடம் சொல்லாமல் இருப்பாளா? வக்கீல் அதை அப்படியே எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தேதி, நேரம், யார் வந்தது, என்ன சொன்னது, எல்லாம்.

அதோடு போயிற்று. கூட்டம் ரத்து. இனி எல்லாம் வக்கீல்மார் ஊடாகத்தான் என்று கடிதம். காப்புறுதிக்காரர் ஒருபக்கம். மற்றப் பக்கம், நோயாளியின் கதை தகப்பனுக்கு எப்படித் தெரியும் என்று விதுஷனை இருத்திக் கேள்வி. அவன் மறைக்கவில்லை, நான்தான் சொன்னேன் என்றான். அடுத்த வருடம் அவனுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஓல்டனில் நாலு டாக்டர்மார் சேர்ந்து நடத்தும் ஒரு கிளினிக்கில் வேலை எடுத்துக்கொண்டு, வீட்டையும் அங்கே மாற்றிவிட்டான்.

தகப்பனோடு பேச்சை அந்த மார்கழியிலேயே விட்டுவிட்டான். ஓல்டனுக்கும் பீலுக்கும் ரெயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. பிள்ளை மாதம் ஒருமுறை வருவான், தகப்பன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து. தம்பித்துரை என்ன செய்வான் தெரியுமா? பிள்ளை வரும் நாளைக் கலாவதியிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அவன் வந்து தாயோடு இருந்து சாப்பிடட்டும் என்று தான் வெளிக்கிட்டுப் போய் ஏரிக்கரையில் குந்தியிருப்பான். மழை, பனி எதுவென்றாலும். சில நாட்களில் நானும் போய்ப் பக்கத்தில் இருப்பேன்.

"என்னடாப்பா, ஒருக்கால் முகத்துக்கு முகம் கதைச்சால் என்ன?" என்று கேட்பேன்.

"கோவத்திலை இருக்கிறான். ஆறுவான்."

"நான் போய்ச் சொல்லட்டோ, நான்தான் உன்னைப் போ எண்டனான் எண்டு?"

"நீ சும்மா இரு. அது முடிஞ்ச கதை."

சும்மா இரு என்று அவன் சொன்னதும் எனக்குள் ஓர் ஆறுதல் வரும் பாருங்கள், அதை என்னவென்று சொல்ல! கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டான், என் கடமை முடிந்தது. மூன்று நாலு முறை இப்படிக் கேட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் அவன் வேண்டாம் என்பான் என்று தெரிந்துதான் கேட்டேன்.

போன தை மாதம் ஒரு வியாழக்கிழமை காலை தம்பித்துரை குளியலறையில் விழுந்தான். மாரடைப்பு. கலாவதி கதவைத் தட்டித் திறக்கும்போது முடிந்துவிட்டது. ஓல்டனில் இருந்து விதுஷன் வந்து சேர்ந்தபோது உடல் ஆறியிருந்தது. இரண்டு வருடத்துக்கு மேலாகப் பேசாமல் இருந்த பிள்ளை, தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னேரம்வரை இருந்தான் என்று கலாவதி சொன்னார்.

பீல் மயானத்து மண்டபம் நிறைந்துவிட்டது. பழைய தொழிற்சாலை ஷெஃப்கூட வந்திருந்தார், தொண்ணூறு வயதில் பொல்லூன்றிக்கொண்டு. விதுஷன் வேட்டி கட்டி, சால்வை போட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். நான் இரண்டாம் வரிசையில் இருந்தேன். கிரியை முடிந்து ஆட்கள் பூப்போட வரிசையாகப் போகும்போது கதவடியில் ஒரு சலசலப்பு. பார்த்தால் சுமித்ரா. கறுப்புக் கோட்டு, கழுத்தில் சின்னச் சிலுவை. வழக்கு நடக்கிற குடும்பம் என்று தெரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. பூப்போட்டார். கலாவதியைக் கட்டிப்பிடித்தார். பிறகு விதுஷனுக்கு முன்னால் வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பார்த்ததன் பிறகு அந்தக் குடும்பத்தில் ஒருவரை அவன் நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல்முறை.

"உங்கட அப்பா எங்கட வீட்டை வந்தவர் தம்பி. அதுக்குத்தான் நான் வந்தனான்" என்றார்.

விதுஷனின் வாய் கோணியது. "அன்ரி, நான் அண்டைக்கு அந்த ரிப்போட்டை..."

சுமித்ரா சட்டென்று அவன் கையை அழுத்தினார். "வேண்டாம் அப்பன். கேஸ் இன்னும் முடியேல்லை. இதுக்குள்ளை ஆர் ஆர் நிக்கினமோ தெரியாது. உங்கட அப்பாக்கு நடந்தது போதும். முடிஞ்சாப்பிறகு வீட்டை வாங்கோ, வந்து சொல்லுங்கோ. நான் இருந்து கேக்கிறன்."

சொல்லிவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லாமல் போய்விட்டார். செத்தவீட்டில் அப்படித்தான் போக வேண்டும். புருசனைச் சாகக் கொடுத்தவர், அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்டு மாட்டிக்கொள்ளாமல் அவன் வாயைக் காத்துவிட்டுப் போனார்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தபோது விதுஷன் வெளியே தனியே நின்றான். வேட்டிக்கு மேலே குளிர்ச் சட்டை. நான் போனேன்.

"தம்பி, அண்டைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது நான். போ எண்டு சொன்னதும் நான்தான்."

அவன் என்னைப் பார்த்தான். ஆச்சரியம் ஒன்றும் முகத்தில் இல்லை.

"தெரியும் மாமா" என்றான்.

"அப்பா சொன்னவரோ?"

"இல்லை. வக்கீலின்ர கடிதத்திலை இருந்தது. ஹரிஷா யன்னலாலை பாத்திருக்கிறா. வெளியிலை ஒரு சாம்பல் நிற ஒப்பெல், உள்ளுக்கை வயசான ஒராள் எண்டு. அந்தக் கார் எனக்குத் தெரியாதோ?"

நான் திரும்பி, தரிப்பிடத்தில் நின்ற என் காரைப் பார்த்தேன்.

"அப்பாவிட்டைக் கேட்டன், ஆர் உங்களைக் கூட்டிக்கொண்டு போனதெண்டு. பஸ்ஸிலை போனனான் எண்டார். கடிதத்தைக் காட்டிக் கேட்டன். அது வேறை ஆற்றையோ கார், நான் பஸ்ஸிலைதான் போனனான், ஒருத்தரும் சொல்லேல்லை, நானாய்ப் போனனான் எண்டார். மூண்டு தரம் கேட்டன் மாமா. மூண்டு தரமும் பஸ்." அவன் சால்வையால் மூக்கைத் துடைத்தான். "கூட்டம் நிண்டது, வேலை போனது எல்லாம் ஒரு வருசத்திலை எனக்கு ஆறிப்போச்சு. என்னைக் கேளாமல் அவையளிட்டைப் போய் உண்மையைச் சொன்னவர், எனக்கு முன்னாலை நிண்டு பொய் சொன்னார். அதுதான் ஆறேல்லை."

"தம்பி..."

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஒரு போன் அடிச்சு, ஓம் நான்தான் எண்டு சொல்லியிருந்தியள் எண்டால், அப்பா உங்களைக் காப்பாத்தத்தான் சொன்னவர் எண்டு விளங்கியிருக்கும். நான் அண்டைக்கே வீட்டை வந்திருப்பன்."

எனக்கு எந்த வக்கீலும் தடை போடவில்லை. எந்தக் காப்புறுதிக்காரனும் கடிதம் எழுதவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு. ஓல்டனுக்கு ஒரு ரெயில். ஏரிக்கரையில் அவன் பனியில் குந்தியிருந்தபோது நான் பக்கத்தில் இருந்து எத்தனை முறை வானிலை பேசினேன். பெட்டி திரும்பி வந்து நடுவில் கிடந்தது, அதில் என் இலக்கம், நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல அவன் எழும்பிப் போய் எடுத்துவிட்டான்.

"மன்னிச்சுக்கொள் தம்பி" என்றேன். கிழவன் அழுதேன், வெட்கம் என்ன இனி.

"இதை அப்பா இருக்கேக்கை சொல்லியிருக்கலாம் மாமா" என்றான். சால்வையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நானும்தான்" என்றான்.

நேற்றுக் கலாவதிக்குத் தொலைபேசி எடுத்தேன். நினைவு மலரில் நான் எழுதிய ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னேன், பொய் சொல்லி அறியாதவர் என்ற வரியை. ஏன் அண்ணை, அது உண்மைதானே, எல்லாம் அச்சுக்குப் போய்விட்டதே என்றார்.

அப்படியே இருக்கட்டும் என்றேன்.